பெயர் பிறகு சொல்லப்படும்

இந்த வருடம் கெளுத்திகள் எப்படி ஆடும் என்று என்னிடம் கேட்காத ஆள் மில்பர்னில் பாக்கி இல்லை. முடி வெட்டப் போனால் கேட்கிறார்கள், பல் பிடுங்கப் போனாலும் கேட்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவன் என்ன பதில் சொல்வான்? இருபத்தாறு வருடமாக எங்கள் பேஸ்பால் அணியின் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பெயர் லாய்ட் பெட்ராக். சட்டை துவைக்கிறேன், காலணியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுகிறேன், புதிதாக வருகிறவன் பெயரைச் சட்டை முதுகில் தைக்கிறேன், அவன் போனதும் பிரிக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் நான் பிரித்த எழுத்துகளை அடைத்து ஒரு தலையணை தைத்திருக்கலாம்.

மிசிசிப்பி ஓடும் ஊர், அதனால் அணிக்குக் கெளுத்திகள் என்று பெயர். ஆற்றில் எத்தனையோ மீன் துள்ள, அடிச்சேற்றில் கிடப்பதைப் பொறுக்கி எடுத்து எங்களுக்கு வைத்தவர் நிச்சயமாக விஷயம் தெரிந்தவர். ஒன்பது வருடமாகக் கடைசி இடம். நடுவில் ஒரே ஒரு வருடம் கடைசிக்கு முந்தின இடம் வந்தோம். அன்றைக்குத் தீயணைப்பு வண்டியில் ஆட்டக்காரர்களை ஏற்றி ஊர்வலம் விட்ட வெட்கம் கெட்ட ஊர் இது.

ஆட்டமில்லாத பனிக்காலத்தில் வரப்போகும் சீசனைப் பற்றி வம்பளப்பதற்கென்றே ஜனவரியில் ஒரு விருந்து வைப்போம். கணப்பு விருந்து என்று பெயர். இந்த வருடம் அதில் முதலாளி ப்ரோஹாஸ்கா எழுந்து, அணிக்குப் புது மேலாளர் வந்திருப்பதாக அறிவித்தார். ப்ரோஹாஸ்காவுக்கு ஊரில் மெத்தைக் கடை. அணியையும் அவர் மெத்தை போலத்தான் வைத்திருந்தார், யாரும் எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புது மேலாளர் ப்ரெண்டன் ஆஷுக்கு வயது இருபத்தெட்டு. மடிக்கணினியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார். ஆயுளில் ஒரு பந்தைப் பிடித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

"போன வருஷத்து ஆளுங்கள்ல பதினாறு பேரை அனுப்பிட்டோம்" என்றார் ப்ரெண்டன். "பதிலுக்கு வந்திருக்கிறவங்க எல்லாரும் இதுவரைக்கும் மோசமா ஆடினவங்க. ஆனா கணக்குப்படி அது துரதிர்ஷ்டம்தான். இந்த வருஷம் அதிர்ஷ்டம் திரும்பியே ஆகணும்."

வந்தவர்களைத் திரையில் காட்டினார். பந்து எறிய ஒருவன். முழங்கையில் இரண்டு முறை கத்தி வைத்தாகிவிட்டது, மூன்றாவதற்கு நாள் குறித்திருக்கிறது. குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சராக ஒருவன். உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். தூரக்களத்துக்கு ஒருவன். பந்து விழும் சத்தம் கேட்டுத்தான் எந்தப் பக்கம் ஓடுவதென்று முடிவு செய்வான். அடேயப்பா, இத்தனை துரதிர்ஷ்டசாலிகளை ஒரே பேருந்தில் ஏற்றினால் அந்தப் பேருந்து ஊர் வந்து சேருமா என்பதுதான் என் கவலை.

"இப்ப பெரிய செய்தி" என்று ப்ரெண்டன் தொண்டையைக் கனைத்தார். "ரஸ் டீடமனை லாரல்டனுக்குக் கொடுத்திருக்கோம்."

ரஸ் எங்கள் மூன்றாம் தளத்துக்காரன், அதாவது மைதானத்தில் மூன்றாவது பேஸைக் காக்கிறவன். ஒன்பது வருடம் இங்கேயே ஆடியவன், உருப்படியாகப் பந்தைத் தடுக்கத் தெரிந்த ஒரே ஆள். லாரல்டனோ ஐந்து வருடத்தில் நான்கு முறை கோப்பை வாங்கிய அணி.

"பதிலுக்கு யாரு?" என்று கத்தினாள் பெர்னிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மூன்றாம் தளத்துக்கு நேர் பின்னால் முதல் வரிசை இருக்கை இருபது வருடமாக அவளுடையது. ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை.

"பெயர் பிறகு சொல்லப்படும்" என்றார் ப்ரெண்டன்.

பேஸ்பாலில் இது பழைய வழக்கம்தான். நம் ஆளை இப்போது கொடுத்துவிட வேண்டும், பதில் ஆள் யார் என்பதை ஒரு கெடு நாளுக்குள் முடிவு செய்வார்கள். எங்கள் கெடு, மே மாதம் சீசனின் முதல் ஆட்டம் தொடங்கும் நேரம். நல்ல மேலாளர்கள் யார் பெயரைச் சொல்லலாம் என்று ஒரு பட்டியலை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வார்கள். நல்ல மேலாளர்கள் என்று சொன்னேன்.

அடுத்து ரஸ்ஸை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அங்கேதான் வினை. நாலு பீர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

"ஒன்பது வருஷம் உங்ககூடக் குப்பை கொட்டியாச்சு" என்று ஆரம்பித்தான். "முதலாளி, உங்க மெத்தையில படுத்துத்தான் என் இடுப்பு போச்சு. நான் ஓடலைன்னா என்னைத் திட்டாதீங்க, உங்க கடையைத் திட்டுங்க. பெருசு லாய்ட், நீ துவைச்சுத் தர்ற கால்சட்டையில உட்காரவும் முடியாது, குனியவும் முடியாது. அப்புறம் இந்த ஊர் கெளுத்தி வறுவல். ஒன்பது வருஷமா நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு மேசைக்கடியில இருக்கிற நாய்க்குப் போட்டேன். அந்த நாயும் போன வருஷம் செத்துப்போச்சு."

சிலர் சிரித்தார்கள். பெர்னிஸ் சிரிக்கவில்லை.

"பெர்னிஸ், நீ ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு என் காதுல கத்தாத நாளே கிடையாது. சரிதான் தாயே. ஆனா இந்த ஊர்ல எவன்தான் லாயக்கானவன்? தோக்குறது உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அதை வந்து உட்கார்ந்து பார்த்துட்டு, திட்டிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குறீங்க." அவன் குரல் இறங்கியது. "எனக்கு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு. இந்த முழங்கால்ல இன்னும் ஒரே ஒரு சீசன்தான் பாக்கி. ஒரு இறுதிப் போட்டியாவது ஆடிட்டு நிறுத்தணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

"போடா! போய்த் தொலை!" என்று பெர்னிஸ் ரொட்டியை விட்டெறிந்தாள். அது அவன் காதோரம் போனது. எங்கள் அணியில் அவ்வளவு குறி பார்த்து எறியக்கூடியவர்கள் யாரும் இல்லை.

எனக்கும் எரிச்சல்தான். கால்சட்டை சுருங்கியதற்கு அவன் வயிறு காரணம், என் சோப்பு என்ன செய்யும்? ஆனால் அவன் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறான் என்று மனதார நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பெயர் சொல்லப்படாத அந்த ஆளைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. அவன் இடது கைக்காரன் என்றார் முடி வெட்டுகிறவர். போன வருடம் முப்பது ஹோம் ரன் அடித்தவன் என்றது தபால் நிலையம். மார்ச்சில் அது நாற்பதானது. ப்ரோஹாஸ்கா தன் கடைக் கண்ணாடியில் முகமில்லாத கறுப்பு உருவம் ஒன்றை ஆளுயரத்துக்கு ஒட்டி, "வருகிறான்!" என்று எழுதிவைத்தார். முதல் ஆட்டத்தன்று மைதானத்தின் நடுவில் திரையை விலக்கி அவனை அறிமுகப்படுத்துவதாகப் பத்திரிகையில் வேறு போட்டுவிட்டார். டிக்கெட் பறந்தது. இந்த வருடம் கெளுத்திகளுக்கு மூன்றாவது இடம் உறுதி என்று உள்ளூர் வானொலி சொன்னது, நான்காவது என்று சொன்னவரைப் பிடித்து அடிக்காத குறை. ஆள் இல்லாத ஆளை நம்பி ஒரு ஊரே இப்படி ஆடினதை நான் பார்த்ததில்லை.

"லாரல்டன் பயலுங்க இன்னும் பெயர் சொல்லலையா தம்பி?" என்று நானும் வாரம் ஒரு முறை ப்ரெண்டனைக் கேட்பேன்.

"நல்ல ஆளாத் தேடுறாங்க போல" என்பார்.

முதல் ஆட்டத்தன்று மதியம் சட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ரஸ் தோள்பையுடன் நின்றான்.

"என்னடா, எதையாவது மறந்து வெச்சிட்டுப் போயிட்டியா?"

"இல்ல பெருசு. நான்தான் அது."

"எது?"

"பெயர் பிறகு சொல்லப்படும்னாங்களே. காலையில சொல்லிட்டாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. லாரல்டனுக்கு இருபத்திரண்டு வயதில் புதுப் பையன் ஒருவன் மூன்றாம் தளத்துக்குக் கிடைத்துவிட்டான். ரஸ்ஸுக்கு வேலை இல்லை. அவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்திருக்கிறார்கள். தங்கள் அணியிலுள்ள யாரை வேண்டுமானாலும் தரலாம் என்று இருந்திருக்கிறது. ரஸ்ஸும் அவர்கள் அணிதானே! வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள்.

ப்ரெண்டன் கணினியோடு ஓடிவந்தார். "ஒப்பந்தப்படி எல்லாம் சரியாத்தான் நடந்திருக்கு" என்றார்.

"எனக்கு ஒரு சந்தேகம் தம்பி" என்றேன். "ரஸ்ஸைக் கொடுத்தோம். ரஸ்ஸை வாங்கினோம். நடுவுல நமக்கு என்ன கிடைச்சுது?"

கணினியில் எதையோ தட்டிப் பார்த்தார். "நஷ்டம் எதுவும் இல்லையே" என்றார். அட கடவுளே, இதற்கா படிக்கவைத்தார்கள்!

ரஸ் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நான் வெளிய போக மாட்டேன் பெருசு. ஜனவரியில என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்குல்ல?"

"எனக்கு மட்டுமா ஞாபகம் இருக்கு? ஊருக்கே மனப்பாடம். எழுந்திரு."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். பேசும்போது இனிச்சுதுல்ல?"

அறிவித்தாகிவிட்டது, திரையை விலக்கித்தான் ஆக வேண்டும் என்று ப்ரோஹாஸ்கா ஒற்றைக் காலில் நின்றார். திரைக்கு அவர் கடையின் இரட்டைக் கட்டில் மெத்தை உறைதான் கிடைத்தது. மைதானத்து நடுவில் அதற்குப் பின்னால் ரஸ்ஸை நிறுத்தினார்கள். மேளம் கொட்டினார்கள். இரண்டாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ப்ரோஹாஸ்கா உறையை இழுத்தார்.

ஆற்றில் போன படகின் இஞ்சின் சத்தம் எனக்குக் கேட்டது.

"அடப்பாவிகளா, இவனா!" என்றாள் பெர்னிஸ்.

அதன் பிறகு கிளம்பிய கூச்சலில் தேசிய கீதம் பாட வந்த பெண் பாடாமலே திரும்பிவிட்டாள். ரஸ் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாம் தளத்துக்குப் போனான். குளிர்பானக் குவளை, கடலைத் தோல், எல்லாம் வந்து விழுந்தன. முதல் பந்தை அவன் கோட்டைவிட்டபோது யாரும் ஆச்சரியப்படவில்லை.

மூன்றாவது சுற்றின் முதல் பாதி முடிந்து எங்கள் ஆட்கள் மைதானத்துப் பள்ளத்திலுள்ள பெஞ்சுக்கு வந்தபோது ப்ரெண்டன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். முகமெல்லாம் பல்.

"ரஸ்! லாரல்டன் கூப்பிடறாங்க. அவங்க ஆட்டம் ஒரு மணிக்கே ஆரம்பிச்சுது. அந்தப் புதுப் பையன் கையை உடைச்சுக்கிட்டான். நீங்க உடனே திரும்பி வரணுமாம். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

ரஸ் முகத்தைப் பார்த்தேன். இத்தனை அவமானத்துக்குப் பிறகும் அந்த முகம் பளிச்சென்றாகிவிட்டது. மானங்கெட்ட பயலே என்று நினைத்தேன். அவன் அப்போதே கையுறையைப் பைக்குள் திணித்துவிட்டான்.

"பதிலுக்கு யாரு?" என்றேன்.

"பெயர் பிறகு சொல்லப்படும்" என்றார் ப்ரெண்டன். "ஆனா இந்தத் தடவை நான் ஏமாறல. கெடு நாளை நானே சொன்னேன். செப்டம்பர் அஞ்சு."

ரஸ்ஸின் கை நின்றது. "அந்தப் பையன் கை எப்ப ஆறும்?"

"மூணரை மாசம்னாங்க. ஆகஸ்டு கடைசியில ஆட வந்துடுவான்."

"இறுதிப் போட்டி என்னைக்கு?"

"செப்டம்பர் பன்னிரண்டு" என்று நான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ரஸ் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தப் பையன் வந்ததும் யார் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று இந்த முறை யாரும் யோசிக்கத் தேவையில்லை. ப்ரெண்டனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

"ஃபோனைப் போடு" என்றான் ரஸ். "கெடுவைப் பத்து நாள் தள்ளி வைக்கச் சொல்லு. செப்டம்பர் பதினஞ்சு. பெஞ்சுல உட்காரவெச்சாக்கூடப் போதும், ஒரே ஒரு சுற்று இறக்கினாப் போதும். நான் கேட்டேன்னு சொல்லு."

ப்ரெண்டன் ஓரமாகப் போய்ப் பேசினார். ரஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது ஆம்பளை அப்படிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் துண்டுகளை மடிக்க ஆரம்பித்தேன். மடித்த துண்டுகளையே திரும்ப மடித்தேன்.

"முடியாதாம்" என்று ப்ரெண்டன் திரும்பிவந்தார். "இறுதிப் போட்டிக்கு அந்தப் பையன் போதுமாம். அஞ்சாம் தேதின்னா சரி, இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கறாங்களாம். கையெழுத்துப் போடறீங்களா?"

"வேற ஆள் பார்த்துக்கச் சொல்லு" என்றான் ரஸ்.

அடிக்கப் போன எங்கள் ஆட்கள் மூன்று பேரும் வரிசையாக அவுட்டாகிவிட்டு வந்தார்கள். எப்போதும் போல அதற்கு நேரமே எடுக்கவில்லை. ரஸ் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு படியேறினான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். அவன் தலையைப் பார்த்ததுமே கூச்சல் திரும்ப ஆரம்பித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக, வேலையைப் போட்டுவிட்டு மைதான ஓரத்துக்கே வந்தேன். கூட்டத்தைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. பெர்னிஸ் கம்பித் தடுப்பில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கத்தினாள்.

"டேய் ரஸ்! உன்னை எவன்டா இங்க கூப்பிட்டது? லாரல்டனுக்கே போய்த் தொலைடா!"

ரஸ் திரும்பி, தொப்பியைக் கழற்றினான்.

"அதைத்தான் பெர்னிஸ் நானும் கேட்டேன்" என்றான். "அவங்க வேண்டாங்கறாங்க."