அறுநூற்று நாற்பது கிராம்

ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தின் கனம்கூட இல்லையே. இத்தனை சின்ன உடம்பில் ஊசியை எங்கேதான் குத்துவார்கள்?

திரையில் சிவப்பாக நின்ற எண்ணிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பச்சிளங் குழந்தைகளின் எடைக்கேற்ப மருந்தளவைக் கணக்கிடும் மென்பொருள் அது. அவள் எழுதியது. எடை ஒரு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் நடுவே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கணக்கு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிழைக்கென்றே தனியாக ஓர் எக்ஸெப்ஷன் கிளாஸ், அதாவது பிழையை எடுத்துச் சொல்லும் நிரல்துண்டு, எழுதி, ‘வரம்புப் பிழை’ என்று பெயர் வைத்திருந்தாள். வெறுமனே தவறு என்று கத்தாமல், வந்த எண் எது, தனக்குத் தெரிந்த எல்லை எது என்று அது நிதானமாகச் சொல்லும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒன்றை எழுதியதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

“என்னடி, உன் கிளாஸ் வரம்பு மீறிப் பேசுதாமே?”

குழுத் தலைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அலுவலகத்துக்கே அக்கா.

“குறைமாசக் குழந்தை அக்கா. ஆஸ்பத்திரியில எடையைப் போட்டிருக்காங்க, நின்னுடுச்சு.”

“பாதியில நிக்கிறத எந்த ஆஸ்பத்திரி வாங்கும்? நாளைக்கு ஒப்பந்தத்துல கையெழுத்து. பிழைய முழுங்கிடு. ஒரு கிலோன்னு வெச்சுக் கணக்கு ஓடட்டும்.”

முழுங்குவது அவர்கள் தொழிலில் அன்றாடச் சொல். பிழையைப் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடுவது. தொழிலுக்கு வரும் முன்பே அவளுக்கு அது கைவந்திருந்தது. அம்மா சொன்னதை, கணவன் சொல்லாமல் விட்டதை, எத்தனையோ முழுங்கியிருக்கிறாள். ஒன்றும் ஆகிவிடவில்லை. தாங்குவதற்கு அவளுக்கு எடை இருந்தது.

“ஒன்றரை மடங்குக்கு மேல மருந்து போகும்க்கா.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

“எனக்குத் தெரியாதா? மேல இருக்கவங்க உயிர எடுக்கறாங்க. நாளைக்கு ஒருநாள் மட்டும்டி. எனக்காக.”

“டாக்டரைக் கேளுங்கன்னு இன்னும் பதமா சொல்ல வைக்கிறேன். முழுங்க மட்டும் மாட்டேன்க்கா.”

மேசை மேல் அக்காவின் போன், மேலதிகாரியின் பெயரைக் காட்டியபடி, அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. அது விழுந்துவிடாமல் அவள் உள்ளங்கையால் அணைகொடுத்தாள். இருவருமே அதை எடுக்கவில்லை.