பாதி மாத்திரை

எங்கள் வங்கிக் கிளையில் இரண்டு கவுண்டர்கள். பணம் கட்டும் கவுண்டரில் இருப்பவர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். பணம் எடுக்கும் கவுண்டர் என்னுடையது. அங்கே எப்போதும் கைத்தடிகளின் வரிசை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிலைமை தலைகீழ். அன்று கட்டியவர்களேதான் இன்று எடுக்க வருகிறார்கள், முழங்கால் வலியையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் இடத்தில் நின்று கட்ட ஆளில்லை. ஊரில் பிள்ளைகளே குறைந்துபோய்விட்டார்கள்.

"இப்படியே போனா கிளையை மூடிருவாங்க" என்றார் மேனேஜர்.

"என் வீட்டுலயும் இதே கவுண்டர்தான் சார் ஓடுது" என்றேன்.

பொய்யில்லை. நானும் ஒற்றைப் பிள்ளை, என் கணவரும் ஒற்றைப் பிள்ளை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு என் அப்பா, அம்மா, மாமனார் மூவரும் என் பொறுப்பு. யாருக்கும் பென்ஷன் கிடையாது. எனக்கும் ஒரே மகள். அவள் படிப்புக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வங்கியில் ஒரு தொகை போட்டு வைத்திருந்தேன். என்ன ஆனாலும் அதைத் தொடுவதில்லை என்று பிடிவாதம். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, பணம் கட்டுவதுதான் பாக்கி.

பெரியவர்களுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கிறது. மூவரும் கூடிப் பேசி, எனக்குத் தெரியாமல் ஒரு சிக்கனம் கண்டுபிடித்தார்கள். பிரஷர் மாத்திரையை உடைத்து ஆளுக்குப் பாதி. மருந்து வாங்கி வருவது அப்பா. மிச்சக் காசைப் பழைய பவுடர் டப்பாவில் போட்டுவந்தார், பேத்தி படிப்புக்காம்.

மாமனார் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா டப்பாவை நீட்டினார். "உனக்குப் பாரம் குறையும்னு நெனச்சோம்மா."

"பாதி பாதியா என்னைத்தான்பா முழுங்கிட்டீங்க" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் செத்துப்போயிற்று. டப்பாவில் இருந்தது ஸ்கேனுக்குக்கூடப் போதவில்லை.

மறுநாள் என் கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்று, மகளுக்காகப் போட்டிருந்ததை முழுவதும் எடுத்தேன். கைத்தடி ஒன்றுதான் குறை.

மகள் மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். "காலேஜ் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றாள். அடுத்த வருஷம் வீட்டில் எல்லாருக்கும் ஒரு வயது கூடும் என்பது இருவருக்கும் தெரியும்.

மாமனாரைப் பார்த்த டாக்டர் என்னையும் விடவில்லை. எனக்கும் பிரஷராம். ஒரு நாள் காலை சமையலறையில் நின்று என் மாத்திரையைக் கத்தியால் நடுவே வெட்டினேன். செலவு இருக்கும் இருப்பில் கை தானாகவே போயிற்று. திரும்பினால் மகள் நிற்கிறாள்.

"முழுசா போடும்மா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நீயும் படுத்துட்டா நாலு பேராயிரும். நான் ஒருத்திதான்."

தண்ணீரை அவளே எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பாதியையும் சேர்த்து விழுங்கினேன்.