நாத்தனாரின் இடது கால்

தன் வண்டியில் கியர் கத்தியதே இல்லை என்பதுதான் டீச்சருக்கு இருந்த ஒரே கர்வம். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியை அவள் தனியாளாக நடத்துகிறாள். ஒரு பழைய வண்டி, ஒரு பெயர்ப்பலகை, தெருமுனையில் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான் பள்ளி. மற்ற பள்ளிகளின் வண்டிகள் நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைக் கடக்கும். டீச்சரின் வண்டியோ, எப்பேர்ப்பட்ட தத்தி ஓட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகும். "எல்லாம் சொல்லிக்கொடுக்கிற விதத்துல இருக்கு" என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஊரார் சொல்லாவிட்டால் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதானே.

அப்படிப்பட்டவளிடம் கற்றுக்கொண்ட அவளுடைய நாத்தனாரே ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள்.

நாத்தனார், டீச்சரின் கணவனுக்கு அக்கா. நர்ஸ். வேலை பார்த்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரி கொடுத்திருந்த வீடும் கூடவே போயிற்று. பெட்டியோடு தம்பி வீட்டில் வந்து இறங்கியவளைப் பார்த்து அக்கம்பக்கத்தார் டீச்சருக்காக முன்கூட்டியே பரிதாபப்பட்டு வைத்தார்கள். ஆனால் அந்த அம்மாள் வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், விரித்த இடத்தில் படுத்தாள். இப்படியும் ஒரு நாத்தனாரா என்று டீச்சர் வெளியில் பெருமையடித்துக்கொண்டாள்.

இப்போது நாத்தனாருக்கு ஒரு வேலை கூடி வந்திருந்தது. படுக்கையில் கிடப்பவர்களை வீடுவீடாகப் போய்க் கவனிக்கும் வேலை. வண்டி அவர்கள் கொடுப்பார்கள், தங்க இடமும் கொடுப்பார்கள். லைசென்ஸ் மட்டும் இவள் கொண்டுவர வேண்டும். மாதம் முடிவதற்குள் வராவிட்டால் வேலை வேறொருத்திக்கு. அவள் வயதுக்கு இன்னொரு வேலை தேடிக்கொண்டு வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை.

இரண்டாவது முறை தோற்றதும் டீச்சர் தேர்வு வைத்த இன்ஸ்பெக்டரிடமே போய் நின்றாள்.

"எங்க அண்ணி என்ன சார் தப்பு பண்ணாங்க?"

"கிளட்ச் மிதிக்காம கியர் மாத்துறாங்கம்மா. போன தடவையும் இதேதான்."

"மிதிக்காம மாத்தினா கியர் கத்துமே. கத்துச்சா?"

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் யோசித்தார். "கத்தலை," என்றார். "ஆனா இடது கால் தரையில இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

கத்தவில்லை என்றால் மிதித்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம். "அந்த மனுஷன் மொதல்ல கண்ணாடியை மாத்தணும்," என்று டீச்சர் வழி நெடுகப் பொரிந்து தள்ளினாள். நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது தேர்வு வருவதற்குள் இன்ஸ்பெக்டரின் மூக்கை உடைத்தாக வேண்டும் என்று டீச்சருக்கு வீம்பு. ஆளில்லாத ஒரு பெரிய மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனாள். தான் எப்போதும் உட்காரும் இடத்தில் கணவனை உட்கார வைத்தாள். அவன் திரைச்சீலை தைப்பவன். தையல் மெஷினைத் தவிர வேறெந்த மெஷினிலும் கால் வைக்க அஞ்சுபவன். அந்தப் பக்கத்திலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் உண்டு என்று தெரிந்ததும் இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டான். டீச்சர் பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

நாத்தனார் கிளட்ச்சை மிதித்து, முதல் கியர் போட்டு, ஒழுங்காகத்தான் கிளம்பினாள். பிறகு இடது காலை எடுத்துத் தரையில் வைத்தாள். வேகம் கூடியது. ஆக்ஸிலேட்டரை விட்டாள். கியரை நடுவில் இழுத்து, எஞ்சின் சத்தம் இறங்கும்வரை பொறுத்து, இரண்டு விரலால் மெல்ல நெருடினாள். இரண்டாவது கியர் டக்கென்று விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. மேல் கியரிலிருந்து கீழ் கியருக்கு இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்துச் சத்தத்தை ஏற்றிக்கொண்டு மாற்றினாள். இடது கால் தரையை விட்டு அசையவே இல்லை.

"அண்ணி, நிறுத்துங்க."

வண்டி நின்றது.

"இதை யாரு சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"நீதாம்மா."

"நானா?"

"நான் கால் வைக்கிறதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து நீ மிதிச்சுடுற. என் பெடல் தானா கீழ போயிடும். நானும் கால் வச்சுப் பார்த்தேன். கிளட்ச் மேல சும்மா காலை வைக்காதீங்க, தேஞ்சுடும்னு சொன்ன. எடுத்துட்டேன். கெளம்புறது, நிறுத்துறது, ரெண்டு மட்டும்தான் நீ எனக்குன்னு விட்டு வச்சது."

"அப்போ இப்படி மாத்துறது?"

"சில நேரம் நீ ஃபோன்ல பேசுவ. உன் கால் வராது. சத்தம் சரியா எறங்குற வரைக்கும் பொறுத்தா அதுவா விழுதுன்னு கண்டுபிடிச்சேன். அமுக்கக் கூடாது, நாடி பார்க்குற மாதிரி விரலை வச்சுக்கிட்டே இருக்கணும். பரீட்சையில மிதிக்கணும்னு எனக்குத் தெரியாதா? என் கால்தான் போக மாட்டேங்குது. பழகிப்போச்சு."

டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அது யாரைக் கேட்டுக்கொண்டு மிதித்தது? கியர் கத்துமோ என்ற பயத்தில் அவளுக்கே தெரியாமல் முந்திக்கொண்டு போயிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனதெல்லாம் அவள் ஓட்டியதுதான்.

"சொல்லியிருக்கலாமே அண்ணி. ரெண்டு தடவை தோத்திருக்கீங்க."

நாத்தனார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே பேசினாள். "நான் உன் நாத்தனார். நான் ஒரு குத்தம் சொன்னா, அது ஒரு குத்தமாவா நிக்கும்? குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு வாயைத் தச்சுக்கிட்டுத்தான் உன் வாசப்படியை மிதிச்சேன். லைசென்ஸ் போனா போகட்டும். உன் வீட்டுல எடம் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

கணவன் தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. குறையே சொல்லாத நாத்தனார் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோமே, பயந்துபோய்க் கிடந்தவளையா என்று நெஞ்சு சுட்டது.

அவள் இறங்கி முன்பக்கம் வந்து, கணவனைப் பின்னால் அனுப்பினாள். "கெளம்புங்க. இனிமே என் கால் வந்தா நீங்க வாயைத் திறந்து சொல்லணும்."

முதல் முறை டீச்சரின் கால் போனபோது நாத்தனார், "காலைக் கொஞ்சம் எடுத்துக்கிறியாம்மா," என்றாள். அடுத்த முறை, "காலை எடும்மா." டீச்சர் காலை எடுத்தாள். நாத்தனாரின் இடது கால் தயங்கித் தயங்கிப் பாதி மிதித்தது. அந்த வண்டி வாழ்நாளில் முதல்முறையாக அலறியது. டீச்சருக்கு உயிர் போய் உயிர் வந்தது, கால் பாய்ந்தது.

"காலை எடுன்னு சொல்றேன்ல! எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

பின்சீட்டில் தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். டீச்சர் இரண்டு கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அப்படிச் சொல்லுங்க அண்ணி," என்றாள். வெயில் தாழும்வரை கியர் கத்தோ கத்தென்று கத்தியது; பிறகு குறைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே மைதானம், அதே சம்மணம்.

தேர்வன்று கியர் ஒரே ஒருமுறைதான் கத்தியது. இன்ஸ்பெக்டர் சாலையைவிட அதிக நேரம் நாத்தனாரின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ்," என்றார் கடைசியில்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் நாத்தனாரே ஓட்டினாள். கடைத்தெரு தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காத. நான் படுக்குற ரூம்ல ஜன்னல் சரியா சாத்த மாட்டேங்குது. வந்ததுலேர்ந்து குளிருது."

"ஐயோ, தெரியாதே அண்ணி."

"துணி காயப்போடுற கொடி எனக்கு எட்டலை. பக்கெட்டைக் கவுத்துப் போட்டு ஏறித்தான் போடுறேன். அப்புறம் நீ எதுல பார்த்தாலும் உப்பை அள்ளிக் கொட்டுற. என் தம்பி வாய்செத்தவன், அவன் சொல்ல மாட்டான்."

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்த வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பப் போகிறவள், இன்றைக்குத்தான் நாத்தனாராக வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்கிறாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் இருக்கா அண்ணி?"

"இருக்கு," என்றாள் நாத்தனார், கியரை மாற்றிக்கொண்டே. "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் இருக்கு."