அம்மா போட்ட டீ

முப்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். பெரியவன் என்று ஓர் அண்ணன் இருந்தான். இருவருக்கும் பிறவியிலேயே ஒரே கோளாறு. சிறுநீரகத்தின் தலைமேல் குந்தியிருக்கும் துளியூண்டு சுரப்பி வேலை செய்யாது. அதன் வேலையை மாத்திரைதான் செய்தாக வேண்டும். காய்ச்சல், வாந்தி என்றால் இரட்டிப்பாக. பெரியவன் ஒன்பது வயதில் ஒரு நாள் காலை வாந்தி எடுத்தான். அஜீரணம் என்று அம்மா நினைத்துவிட்டாள். மத்தியானம் அவன் இல்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்கு மாத்திரைதான் சாமி. பரீட்சையா, ஒன்று கூடப் போடு. தும்மினாயா, இன்னொன்று. சின்னவள் மறுத்தால் அண்ணன் படத்தைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவாள். அதற்கு மாத்திரையே மேல் என்று இவளும் வருடக்கணக்காக விழுங்கித் தொலைத்தாள்.

அதன் பலன் போன வருடம் தெரிந்தது. சின்னவள் திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுபவள். துணிச்சுருள் ஒன்றை மேசையில் இறக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. கனமான சுருள்கூட இல்லை, வெறும் வலைத்துணி. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, முதுகெலும்பு எழுபது வயதுக்காரியுடையதைப் போல் இருக்கிறது என்றார். மாத்திரை குறைந்தால் உயிருக்கு ஆபத்து, கூடினால் எலும்பைத் தின்னும், நடுவில் கொஞ்சம்தான் இடம் என்று சொல்லி அளவைக் குறைத்தார். சின்னவள் அதை ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தாள். கால் அங்குலம் பிசகாமல் துணி வெட்டுகிறவளுக்கு அது பெரிய காரியமில்லை.

எட்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கூட எடுக்குறீங்க."

"இல்ல டாக்டர். சத்தியமா நீங்க சொன்ன அளவுதான்."

"ரத்தம் பொய் சொல்லாதும்மா. இப்படியே போனா அடுத்தது முதுகுதான். சுருள் தூக்குறதெல்லாம் அப்புறம் மறந்துட வேண்டியதுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஞாபக மறதியில் இரண்டு முறை விழுங்குகிறோமா? அப்போதுதான் டீ நினைவுக்கு வந்தது. சில மாதங்களாகவே அம்மா போடும் டீயில் சர்க்கரை அள்ளிக் கொட்டியிருக்கும். "எறும்புகூட இதைக் குடிக்காதும்மா" என்று கேலி செய்திருக்கிறாள். ஆனால் அந்தத் தித்திப்புக்கு அடியில் ஒரு கசப்பு தொண்டையில் ஒட்டும். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான கசப்பு.

மறுநாள் காலை சமையலறை வாசலில் சத்தமில்லாமல் நின்றாள். அம்மா பாதி மாத்திரையைக் கரண்டியால் நசுக்கிக் கோப்பையில் தட்டினாள். மேலே மூன்று கரண்டி சர்க்கரை.

"எத்தனை நாளா?"

அம்மா திரும்பவில்லை. "டாக்டரம்மா குறைச்ச நாள்லேருந்து."

"என் எலும்பு போகுதும்மா."

"எலும்பு உடைஞ்சா கட்டு போடலாம்டி. உங்கண்ணனுக்கு நான் எங்க கட்டு போட?"

சின்னவள் கண்ணில் பட்ட மாத்திரை அட்டைகளை எல்லாம் வாரிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அம்மா இன்னும் எங்கெங்கே பதுக்கி வைத்திருக்கிறாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

கடையில் கத்தரிக்கோல் ஓடவில்லை. தனியாக ஓர் அறை பார்த்துப் போய்விடலாம். போய்? வாந்தி எடுத்து மயங்கிக் கிடந்தால் அவசர ஊசியை யார் போடுவது? இந்த உலகத்தில் அதைக் கை நடுங்காமல் போடத் தெரிந்த ஒரே ஆள் அம்மாதான். இரண்டு முறை போட்டுக் காப்பாற்றியும் இருக்கிறாள்.

அடுத்த நாள் காலை அம்மா கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணும் போடல. நீ நம்ப மாட்டேன்னுதான் சர்க்கரைகூடப் போடல. நீயே ருசி பாத்துக்க."

சின்னவள் ஒரு வாய் குடித்தாள். கசந்தது. சர்க்கரை இல்லாத டீ கசக்கத்தான் செய்யும். இன்னொரு வாய் குடித்து நாக்கில் நிறுத்திப் பார்த்தாள். எந்தக் கசப்பென்று பிடிபடவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கும்மா" என்று சொல்லி முழுவதையும் குடித்தாள்.