உபதேசியார் வாசித்த பெயர்கள்

1943. பினாங்கில் பத்திரிகை நடத்தியது ஜப்பான்காரன். அதில் வந்ததையெல்லாம் வேதவாக்காக நம்பிய மைக்கேல், சயாம் ரயில் பாதையில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தான். கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் பயணம்.

திருநாளன்று கோயில் வாசலில் ஐரீன் அக்கா அவனை மறித்தார். சுங்கை பாக்காப் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்.

“போகாத தம்பி. அங்க நம்ம சனத்தையே கொன்னு தீர்க்கிறாங்க. தப்பி வந்த ஆளு எங்ககிட்டதான் கிடக்கிறான்.”

“வெள்ளைக்காரன் ரேடியோ கட்டிவிடுற கதைலா அக்கா. போன வாரப் பேப்பர்ல சயாமுக்குப் போன எங்க தோட்டத்து ஆர்தர் அண்ணன் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாரே.”

சுற்றி நின்றவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். பூசை மணி அடித்த பிறகுதான் ஓய்ந்தார்கள்.

இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், உபதேசியார் அன்று வாசிப்பார். வழக்கமாக ஒரு மெழுகுவர்த்தி கால்வாசி உருகுவதற்குள் முடிந்துவிடும். இந்த முறை அது முழுவதும் உருகி, வேறொன்று ஏற்றினார்கள். சயாம் என்று அவர் சொல்லவே இல்லை. வெறும் பெயர்கள், எல்லாம் தோட்டத்து ஆட்கள். நடுவில் ஆர்தரின் பெயரும் வந்தது.

மைக்கேல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

வெளியே வந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னார். “பாலிக் புலாவ்ல என் தங்கச்சி வீடு இருக்கு. இப்பவே போய் ஒளிஞ்சிக்க.”

அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல அக்கா.”

அக்கா பையிலிருந்து எழுதாத சீட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

“தப்பி வந்தவன் சொன்ன பேரையெல்லாம் நேத்து சீட்டுல எழுதுறப்போ, உனக்குன்னும் ஒண்ணு வெட்டி வெச்சேன். அது வெத்தாவே இருக்கட்டும். அது போதும் எனக்கு.”