எதைப் போடச் சொன்னார்?

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பவுனம்மாள் புருஷனின் வலது கைவிரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அய்யாவுவைக் குளிப்பாட்டி, திருநீறு பூசி, வேட்டி கட்டிப் பெஞ்சில் கிடத்தியாகிவிட்டது. நகக்கண்களில் இருந்த எஞ்சின் கரி மட்டும் போகவில்லை.

"விடு புள்ள. நெருப்புக்குப் போற கைதானே," என்றாள் அடுத்த அறை வள்ளியம்மா.

பவுனம்மாள் துணியைக் கீழே வைத்தாள். வைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் மோட்டார் பட்டறையில் வேலை முடிந்து நடந்து வந்த மனிதர். காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. குழாயடிக்கு முகம் கழுவப் போனார். வாளி உருளும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த, கட்டுப் போடும் டிரசர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு நின்னுபோச்சும்மா," என்றார். நின்றுபோவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா என்று இரவெல்லாம் அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

காலை ரயிலில் கிள்ளானிலிருந்து வீரம்மா வந்தாள். அய்யாவுவின் அக்கா. அவள் மகள் கல்யாணத்தில் தாய்மாமனுக்குரிய மாலையை வேறு யாருக்கோ போட்டுவிட்டார்கள் என்று அய்யாவு பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. வீரம்மா தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் பவுனம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சொன்னான்?"

காலையிலிருந்து எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வள்ளியம்மா கேட்டாள், பிரிக்பீல்ட்ஸ் கோயில் பண்டாரம் கேட்டார். என்ன சொல்வது? அவர் கடைசியாகப் பேசியது ஒரு வண்டியின் புகைக்குழாயைப் பற்றி.

அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அடுப்படி வாசலில் குந்தியிருந்தார். ஈயக்கம்பத்துத் தவுக்கேயின், அந்தச் சுரங்கத்துச் சீன முதலாளியின், புது வண்டிக்குக் கட்-அவுட் போட வேண்டும், இரண்டு தினுசு இருக்கிறது, எதைப் போடுவது என்று புரியவில்லை என்றார். கட்-அவுட் என்றால் புகைக்குழாயில் வைக்கும் ஒரு கதவு, அதைத் திறந்தால் புகை நேராக வெளியே பாய்ந்து தெரு அதிரும் என்கிற அளவுக்கு அவளுக்குத் தெரியும். அதற்குமேல் அவர் சொன்னதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. ஸ்பிரிங் என்றார். சூடு என்றார். டவுனுக்குள் சத்தம் கேட்டால் மாத்தா பிடிப்பான் என்றார். போலீஸ்காரனை அவர் அப்படித்தான் சொல்வார். அவளுக்குப் புளி தீர்ந்துபோன கவலை.

"நீ எதச் சொல்றே பவுனு?" என்று கேட்டார்.

"ரெண்டாவதையே போடுங்க," என்றாள், தலையைத் தூக்காமல்.

அவர் சிரித்தார். "சரி. போட்டுட்டுக் கிள்ளான் ரோட்டுல ஒருதடவ ஓட்டிப் பாத்துடணும்." துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

"சொல்லு புள்ள," என்றாள் வீரம்மா. அவள் கை பவுனம்மாளின் முழங்காலைப் பிடித்திருந்தது. "ஒண்ணுமே சொல்லலியா?"

"கிள்ளானப் பத்திச் சொன்னாரு மதினி."

வீரம்மாவின் முகம் அப்படியே நின்றது. "கிள்ளானுக்கு வரணும்னானா?"

ரோட்டைத்தான் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தாள். வீரம்மா அதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கியிருந்தாள். ஒருவேளை அதைத்தான் நினைத்துச் சொன்னாரோ என்றும் பவுனம்மாளுக்குத் தோன்றியது. அவர் மனசில் இருந்ததை இனி யாரிடம் கேட்பது?

வெளியே பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டுக்கு யாரோ கூப்பிடுவதாக வள்ளியம்மா சொன்னாள். போனால் நாகையா நின்றிருந்தான். பட்டறையில் அய்யாவுவுடன் வேலை செய்கிறவன். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் கோணிப்பை.

"அக்கா, இப்ப கேக்கக் கூடாதுதான். தவுக்கேக்கு ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்ல பந்தயம். சாயங்கால ரயில்ல வண்டிய ஏத்தணும். கட்-அவுட்ட காலையில சொல்றேன்னுட்டு அண்ணன் போனாரு. வீட்ல ஏதாச்சும் பேசினாரா?"

கோணியிலிருந்து இரண்டு இரும்புச் சாமான்களை எடுத்துத் துவைகல்மேல் வைத்தான்.

"இது மூடி. ஸ்பிரிங் இழுத்துப் புடிச்சிருக்கும். சாதா வண்டிக்கு இது போதும். தவுக்கே வண்டியில சூப்பர்சார்ஜர் இருக்கு, காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள ஊதும். அதனால புகையும் முட்டிக்கிட்டு வரும். மூடிய அதுவே தூக்கிடுமோன்னு அண்ணனுக்கு பயம்."

"அந்த இன்னொண்ணு?"

"குழாய்க்குள்ளயே திரும்பற தட்டு. புகை எப்படி முட்டினாலும் தானாத் தொறக்காது. ஆனா மூடினாலும் கொஞ்சம் கசியும். சூடேறுனா அச்சு இறுகிக்கும். பந்தயத்துல தொறக்க மாட்டேன்னா வண்டி மூச்சு முட்டிப் போயிடும். ரெண்டுலயும் ஒரு கோளாறு இருக்குக்கா."

பவுனம்மாள் இரண்டையும் பார்த்தாள். "ரெண்டாவதுன்னா எது?"

"எப்படிக்கா?"

"மொதல்ல ஒண்ணச் சொல்லிட்டு அப்புறம் ஒண்ணச் சொன்னாரு. நீங்க மூடிய மொதல்ல சொன்னீங்க. அவரு எத மொதல்ல சொல்வாரு?"

நாகையா யோசித்தான். "பட்டறையில ஒருநாள் அத மொதல்ல சொல்வாரு, ஒருநாள் இத. நாலு நாளா அவருக்கே குழப்பந்தான்."

அவருக்குக் குழப்பம் வந்து அவள் பார்த்ததில்லை. கை வைத்தால் எஞ்சினில் எங்கே வலி என்று சொல்வார் என்பார்கள். அப்படிப்பட்டவர் தன்னிடம் கேட்டிருக்கிறார். அவள் கண்ணை மூடினாள். சொல்லும்போது கையால் காட்டியது கடைக்கண்ணில் பட்டதே. ஒரு கைமேல் இன்னொரு கையை அடித்தார். பிறகு மணிக்கட்டைத் திருப்பினார், பூட்டைத் திறப்பதுபோல. திருப்பியதுதான் கடைசி. அல்லது அது துண்டை எடுத்து முறுக்கியதா? நெத்திலித் தட்டிலிருந்து தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

"இது," என்று குழாய்க்குள் திரும்பும் தட்டு வைத்ததைத் தொட்டாள்.

"இதப் போடச் சொன்னாரா?"

"நான் சொன்னேன். அவரு சரின்னாரு."

நாகையா அவளைப் பார்த்தான். இரண்டையும் கோணியில் போட்டு வேலியோரம் வைத்துவிட்டுப் பாடை தூக்கப் போனான்.

மத்தியானம் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி, குளித்து, கலைந்தார்கள். வீடு கழுவிவிட்ட ஈரத்தில் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செந்தூல் பக்கத்திலிருந்து தாமதமாக வந்த உறவுக்காரிகள் சிலர் புதிதாக அழுதுவிட்டு ஓய்ந்தார்கள்.

அப்போது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பட்டறை இருக்கும் திசையில், ஒரு வண்டி உறுமியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. குழந்தை ஒன்று பயந்து எழுந்தது.

"செத்த வீடுன்னு பாக்கிறானுங்களா," என்றாள் ஒருத்தி.

பவுனம்மாள் உடம்பை அசைக்காமல் கேட்டாள். சத்தம் சட்டென்று அடங்கியது. மறுபடி வெடித்தது. மறுபடி அடங்கியது. அதன்பின் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கதவு சரியாக மூடிக்கொண்டதா, வண்டியே நின்றுபோனதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாகையா வந்து சொல்வான் என்று வாசலைப் பார்த்தாள். வரவில்லை. ரயில் நிலையத்துக்குப் போயிருப்பான்.

பாயின் அந்தக் கோடியில் வீரம்மா உறவுக்காரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் என்னப் பாக்க வரதா இருந்தான். கடைசி வார்த்தையே அதுதான். கிள்ளானுக்குப் போவணும், அக்காவப் பாக்கணும்னு. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு அவனுக்கு. புதுச் சட்டகூட எடுத்து வச்சிருந்தானாம்."

வந்தவர்கள் பவுனம்மாளின் பக்கம் திரும்பினார்கள். "அப்படியா புள்ள?"

வீரம்மாவும் அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள். "கேளுங்க. அவதான் கூட இருந்தா." காலையிலிருந்து அழுததில் குரல் கம்மி, கடைசிச் சொல் காற்றாகத்தான் வந்தது.

பவுனம்மாள் எழுந்தாள். பானையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து வீரம்மாவின் கையில் கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.