பார்த்தவர்கள் பட்டியல்

தொழில் தொடர்புகளுக்கான அந்த இணையதளத்தில் நான் சேர்ந்தது வேலை தேடி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். சோதனைக்குப் போன இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டுபோவேன். அப்படிப்பட்டவன் கணினியில் கடை விரிக்க வேண்டிய அவசியம் என்ன?

எல்லாம் மகளின் வேலை. ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, ஃபேன் சுத்துறத எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. உங்க அனுபவத்துக்கு ஆலோசனை கேட்டு ஆள் வருவாங்க. உங்க பேர்ல ஒரு பக்கம் தொறந்து வெச்சா போதும்."

"தொறந்து வெச்சுக்கிட்டு உக்கார நான் என்ன கடையா?"

"கடைன்னே வெச்சுக்குங்க. நான் போர்டு மட்டும் மாட்டிட்டுப் போயிடறேன்."

ஓய்வு பெற்ற அன்று டை கட்டி எடுத்த படத்தைக் கொடுத்தேன்.

"சிரிக்கிற மாதிரி ஒண்ணு இல்லையாப்பா?"

"இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

இரண்டு நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, அது அடிக்கடி மணி அடித்து என்னைக் கூப்பிடக் கூடாது. இன்னொன்று, நானாக யாருக்கும் இணைப்புக் கோரிக்கை அனுப்ப மாட்டேன். அதன் பெயரே கோரிக்கை. எங்கள் குடும்பத்தில் எவரும் எவர் முன்னாலும் போய்க் கையைக் கட்டி நின்றதில்லை. வேண்டியவர்கள் வரட்டும் என்றேன். வந்தார்கள். பதினொரு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

சேர்ந்த இரண்டாம் நாளே அந்தத் தளம் ஒரு படத்தைக் காட்டி, 'இவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்றது. மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, லிஃப்ட் குழிக்குள் நின்றபடி, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான் என் மகன்.

தெரிந்தவராக இருக்கலாம்.

அவன் என்னோடு பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அப்போது லிஃப்ட் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவன் பொறுப்பில் முடிந்த முதல் லிஃப்ட், ஒன்பது மாடிக் குடியிருப்பில். சோதனை என் முறைக்கு வந்தது. வேறொருவரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பன் விலகிக்கொண்டு வேண்டிய ஆளை அனுப்பிவிட்டான் என்று எவனும் பல்மேல் நாக்குப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று நானே போனேன்.

நான்காவது மாடிக் கதவைக் கையால் இழுத்தேன். திறந்துகொண்டது. லிஃப்ட் கீழே எங்கோ நின்றது. கதவுக்கு அப்பால் வெறும் பள்ளம். ஒரு குழந்தை சாய்ந்தால் போதும். அந்த நிமிடமே நிராகரித்தேன். இன்று என்றாலும் நிராகரிப்பேன். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

ஆனால் அதோடு நிறுத்தவில்லை. கட்டட உரிமையாளர், மேஸ்திரி, பொருத்துநர்கள் என்று பதினைந்து பேர் சுற்றி நிற்க, "இத என் மகன் பாத்த வேலைன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு மானம் போயிடும்" என்றேன்.

அவன் சோதனைக் கோப்பை மூடினான். ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். அன்று மாலை ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனான். அவன் அம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், குறுக்கே வந்து நிற்க ஆளில்லை. மகளிடம், "இந்த வீட்டுல தூது கீது ஒண்ணும் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவளும் என் மகள்தானே, அதன்பின் என் முன்னால் தம்பி என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இப்போது அவன் பக்கம் என் மேசைமேல் திறந்து கிடந்தது. யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

தினமும் காலை ஆறரைக்குக் குளித்துவிட்டு அங்கே போவேன். முதலில் அவன் பெயரைப் பார்ப்பேன். பெயருக்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். ஒன்பது வருடத்தில் அதை அவன் எடுத்துவிடவில்லை. பிறகு மற்றதெல்லாம். ஏழு நாட்டுப் பொறியாளர்களோடு எடுத்த படம், முடித்த பயிற்சி, யாருக்கோ சொன்ன வாழ்த்து. பார்த்த வேலைகளின் பட்டியலில் ஆகக் கடைசியில் அந்த முதல் நிறுவனம், எட்டு மாதம். அதையும் அவன் மறைக்கவில்லை.

ஒருமுறை லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றை எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தான். கீழே ஒருவன் ஒன்றும் தெரியாமல் வந்து வாதாடினான். எனக்குக் கை பரபரத்தது. பதிலைத் தட்டினேன், அழித்தேன். அரை மணி கழித்து மகனே பதில் எழுதினான். நான் தட்டி அழித்த அதே அளவு, அதே காரணம். அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் வந்தேன். மூன்று நாள் திரையைப் பார்க்கக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் மகள் மூச்சிரைக்க வாசலில் நின்றாள்.

"கறுப்புக் கண்ணாடியா? ஆபரேஷனா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா கொறஞ்சு போயிடுவீங்க?"

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. மனசு கேக்கல, வந்தேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனாலும் நான் தோண்டவில்லை.

போன மாதம் எங்கள் துறையினரின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. பேசுபவர்கள் வரிசையில் மகன் பெயர் இருப்பதை அவன் பக்கத்தில்தான் பார்த்தேன். புதிய விதிமுறைகளைத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று மகளிடம் சொன்னேன். "ஆமாப்பா, விதிமுறை ரொம்ப முக்கியம்" என்றாள், முகத்தை மாற்றாமல்.

ஆறாவது மாடியில் கூடம். வாசலில் ஒரு பெண் அட்டை எழுதிக்கொடுத்தாள். "நிறுவனம்?" என்றாள். இல்லை என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு, கழுத்தில் மாட்டிவிட்டாள். உள்ளே எல்லோரும் ஒருவர் அட்டையை ஒருவர் ஃபோனால் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மார்பைப் பார்த்தார்கள்.

"சிங்கம் குகைய விட்டு வெளிய வந்துருச்சே!" என்று ஒரு குரல். எதிர் எடை. என் கீழே வேலை பார்த்தவர். லிஃப்ட்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் இரும்புப் பாரத்தின் பெயரை அவர் வயிற்றுக்காக அலுவலகத்தில் வைத்திருந்தோம். அவருக்கும் அதில் பெருமைதான்.

"சார், அட்டையக் காட்டுங்க. நானே சேத்துக்கறேன். நீங்கதான் யாருக்கும் கோரிக்கை அனுப்ப மாட்டீங்களே! ஆனா போன வாரம் என் பக்கத்துக்கு வந்தீங்கல்ல? எனக்குப் பதவி உயர்வு கெடச்சது நெசமான்னு பாக்கத்தானே?"

"நான் வந்தேன்னு யார் சொன்னா?"

"அதுவேதான் சொல்லும். யார் யார் வந்து பாத்தாங்கன்னு பேரு, படத்தோட பட்டியலே குடுக்குமே. நீங்க டை கட்டிக்கிட்டு மொறைக்கிற படம் இருக்குல்ல, அதப் பாத்ததும் எழுந்து நின்னுட்டேன் சார்!"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பதினொரு மாதம். ஒவ்வொரு காலையும் என் மகனின் பட்டியலில் டை கட்டிய, சிரிக்காத என் முகம். அடுத்தவன் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் போல உடம்பு கூசியது. அவன் பேச்சு தொடங்கும்முன் போய்விட வேண்டும். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தேன்.

கதவு திறந்தது. என்ன அவசரமானாலும் பழக்கம் போகவில்லை. குனிந்து பார்த்தேன். கூடத்தின் தரையும் லிஃப்ட்டின் தரையும் ஒரே மட்டத்தில் இல்லை.

"எட்டு மில்லிமீட்டர் இருக்குமா?" என்றது பின்னால் ஒரு குரல்.

"பத்து" என்றேன், திரும்பாமல்.

"பத்து இருக்காது."

"ஷூ நுனிய வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான். "பத்துதான்" என்றான்.

அப்புறம்தான் திரும்பினேன். காதோரம் நரைத்திருந்தது. அவன் போடும் படங்களில் எல்லாம் ஹெல்மெட் இருக்கும், எனக்குத் தெரியவே இல்லை.

"கண்ணு இப்ப எப்படிப்பா இருக்கு?"

"உங்க அக்கா சொன்னாளா?"

"நான்தான் அக்காவுக்குச் சொன்னேன். மூணு நாளா நீங்க வரல. போய்ப் பாருன்னேன்."

"தெரியாம எப்பவாவது கை பட்டிருக்கும்."

"தெனமுமா?" என்றான். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. உடனே அது போய்விட்டது. "நான் எந்திரிச்சதும் மொதல்ல அந்தப் பட்டியலத்தான் பாப்பேன். உங்க படம் இருந்தா, சரி, இருக்கார்னு குளிக்கப் போவேன்."

அன்று பேசியது தவறு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். லிஃப்ட் கதவு மூடியது, யாரோ கீழே அழைக்க இறங்கிப்போனது, திரும்ப வந்து திறந்தது. அவன் போகாமல் நின்றான். எதற்காக நின்றான் என்று எனக்குத் தெரியும். கூடத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, "சார், அடுத்து நீங்கதான்" என்றாள்.

"போ, கூப்புடறாங்க" என்றேன்.

"சரிங்கப்பா" என்றான்.

அவன் போனதும் தனியாகக் கீழே இறங்கினேன். எந்தப் பேச்சைக் கேட்க டை கட்டிக்கொண்டு போனேனோ அதைக் கேட்கவில்லை.

மறுநாள் ஆறரைக்கு நான் அவன் பக்கத்துக்குப் போகவில்லை. ஏழரைக்கு மகள் ஃபோன் செய்தாள். "அப்பா, சங்கடமா இருந்தா சொல்லுங்க. நீங்க பாக்குறது யாருக்கும் தெரியாத மாதிரி மாத்தி வெக்கலாம். ஒரே ஒரு பட்டன்தான்."

"வேண்டாம்" என்றேன். என் படம் இல்லாவிட்டால் அவன் எப்படிக் குளிக்கப் போவான்?

நான் ஒருநாளும் தொடாத அந்தப் பட்டியலை, என்னைப் பார்த்தவர்களின் பட்டியலை, எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டுத் திறந்தேன். முதல் பெயர் அவனுடையது. அன்று காலை நான் போகாததால் அவன் என்னைத் தேடி வந்திருக்கிறான்.

அதற்குமேல் யோசிக்கவில்லை. கோரிக்கை அனுப்பும் இடத்தை அழுத்தினேன். 'இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டது. உடன் பணியாற்றியவர், உடன் படித்தவர், வாடிக்கையாளர், நண்பர் என்று நான்கு கட்டங்கள். தகப்பனுக்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, உடன் பணியாற்றியவர் என்பதைத் தொட்டேன்.

குறிப்பு எழுத மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். நான் அலுவலகக் கடிதம் தவிர வேறு எழுதிப் பழகாதவன். அப்படியே எழுதினேன்:

'அன்று லிஃப்ட்டை நிராகரித்தது சரி. அதன்பின் பதினைந்து பேர் முன்னிலையில் நான் சொன்ன சொல் தவறு. அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.'

கையெழுத்துக்கு இடமில்லை. இருந்தாலும் என் முழுப் பெயரையும் அடியில் எழுதிவிட்டு அனுப்பினேன்.

இன்றோடு இருபத்து மூன்று நாள். 'நிலுவையில் உள்ளது' என்று சாம்பல் எழுத்தில் நிற்கிறது. தினமும் காலை ஆறரைக்கு அவன் பக்கத்துக்குப் போகிறேன். திரும்பி வந்து என் பட்டியலைப் பார்த்தால், அவனும் வந்து போயிருக்கிறான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நான் நிராகரித்த அந்த லிஃப்ட்டை இரண்டே நாளில் சரிசெய்துவிட்டு மறுசோதனைக்கு எழுதியிருந்தார்கள். நான் அவர்களை ஐந்து வாரம் காக்க வைத்தேன். யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று கடிதமே போட்டேன். இப்போது என் கோப்பு அவன் மேசைமேல் இருக்கிறது. அவன் நிதானமாகப் பார்க்கட்டும்.